எங்க குழுவுல இதையெல்லாம் பேசலாமா? மகளிர் குழுக்களில் அடிக்கடி வரும் கேள்விகள்

தமிழ்நாட்டு மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் சேமிப்புப் பணம் எண்ணி முடித்து, நோட்டை மூடிய பிறகு, ஒருவர் இருவர் மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் வீட்டு அடி உதை, கருக்கலைப்பு, கருத்தடை, பணம் பற்றித் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களின் தொகுப்பு இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்லியிருப்பது பொதுவான தகவல்தான். தனிப்பட்ட வழக்கு என்றால் வக்கீலிடம் கேட்க வேண்டும். அதற்கும் காசில்லாத வழி இருக்கிறது, கீழே வரும்.

எங்க குழு சேமிப்புக்கும் கடனுக்கும்தான். வீட்டுச் சண்டையை எதுக்கு உள்ளே கொண்டு வரணும்?

நீங்கள் கொண்டு வராவிட்டாலும் அது ஏற்கெனவே உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்தவர்கள். பதினைந்து பேர் உள்ள குழு என்றால் ஐந்தாறு பேர். தவணை தவறும் உறுப்பினரை 'சோம்பேறி' என்று நோட்டில் குறிப்பதற்கு முன், பணம் யார் கையில் போகிறது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

இது புதுப் பழக்கமும் இல்லை. தமிழ்நாட்டில் அரசு முயற்சியாகக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் தொடங்கின. 1997-98 முதல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவின. பக்கத்து ஆந்திராவில், நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில், எழுத்துப் படிப்பதற்காக ஒன்றுசேர்ந்த பெண்கள்தான் 1992-ல் சாராயத்துக்கு எதிராகக் கிளம்பினார்கள். பத்துப் பெண்கள் வாராவாரம் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு கணக்கோடு நிற்காது.

அடிச்சாத்தான் வன்முறையா? எங்க வீட்டுக்காரர் கை வைக்க மாட்டார், ஆனா...

அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் (2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது) நான்கு வகை சொல்கிறது: உடல், பாலியல், வாய்வார்த்தை மற்றும் மனம், பொருளாதாரம். சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, நகையைக் கேட்காமல் அடகு வைப்பது, செலவுக்குத் தராமல் பட்டினி போடுவது, 'ஆம்பளப் புள்ள பெக்கலை' என்று தினம் குத்துவது, விருப்பமில்லாத உறவுக்குக் கட்டாயப்படுத்துவது, எல்லாம் இதில் அடங்கும்.

தாலி கட்டாமல் கணவன் மனைவி போலச் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். மாமியார் வீட்டில் மட்டும் இல்லை, பிறந்த வீட்டில் அண்ணன் அடித்தாலும் இதே சட்டம்தான்.

ஒரு அக்கா எங்ககிட்ட சொல்லிட்டாங்க. முதல்ல நாங்க என்ன செய்யணும்?

கேளுங்கள். 'நீ என்ன சொன்ன, அவரு ஏன் அடிச்சாரு' என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த ஒரு கேள்வியில் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். அப்புறம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'இன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போறது பயமா இருக்கா?' ஆமாம் என்றால் 181-க்கு அழைக்கலாம். அது பெண்களுக்கான 24 மணி நேர உதவி எண். உயிருக்கு ஆபத்து என்றால் 112. தங்க இடமில்லை என்றால் மாவட்டத்தில் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. சில நாட்கள் தங்கலாம், மருத்துவம், காவல், சட்ட உதவி மூன்றுக்கும் அங்கிருந்தே ஏற்பாடு செய்வார்கள்.

காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்கு ஒருவர் கூடவே போங்கள். அங்கே ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில், காயம் எப்படி ஏற்பட்டது என்று கேட்டு எழுதுவார்கள். முக்கால்வாசிப் பேர் 'பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்' என்பார்கள். கணவரே பக்கத்தில் நிற்கும்போது வேறென்ன சொல்வார்கள்? ஆனால் ஆறு மாதம் கழித்து வழக்கு என்று வந்தால், அந்த ஒரு வரிதான் எதிராக நிற்கும். அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கள் என்று நர்சிடம் காதோடு கேட்டுவிட்டு, யார், எதால், எத்தனை மணிக்கு அடித்தார் என்று சொல்ல வைக்க வேண்டும். கூடப் போகிறவரின் வேலையே அதுதான்.

ரெண்டு பேரையும் உக்கார வெச்சுப் பேசித் தீர்த்துடலாம்ல? எதுக்கு போலீஸ், கோர்ட்டு?

இந்தக் கேள்விக்குத்தான் அதிகம் வாதாட வேண்டியிருக்கிறது. எல்லோரும் நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். ஆனால் உட்கார வைத்தால் என்ன நடக்கிறது? அடித்தவர் பத்து பேர் முன்னால் தலையைக் குனிந்து 'இனிமே மாட்டேன்' என்பார். அடிபட்டவரிடமும் 'நீயும் எதிர்த்துப் பேசாதே' என்று ஒரு வாக்குறுதி வாங்குவார்கள். ஒரு குற்றம், இரண்டு வாக்குறுதி. அன்று ராத்திரி, 'என்னை ஊர் முன்னாடி நிறுத்திட்டேல்ல' என்று அடுத்தது தொடங்கும். அவர் எதிரில் இருக்கும்போது அந்தப் பெண் முழுசாகப் பேசவும் முடியாது.

பெண்களே கூடி வழக்குக் கேட்ட நல்ல உதாரணங்கள் இல்லாமல் இல்லை. புதுக்கோட்டையில் ஸ்டெப்ஸ் அமைப்பும் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாத்தும் செய்தது அதைத்தான். பெண்ணின் பேச்சைக் கேட்காமலே ஆண்கள் மட்டும் உட்கார்ந்து அவள் வாழ்க்கையை முடிவு செய்த இடத்தில், பெண்கள் தங்களுக்கென்று ஒரு மன்றம் வைத்தார்கள். ஆனால் அவர்கள் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று, சட்டம் தெரிந்துகொண்டு செய்தார்கள். 'ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு' என்று தராசு பிடிக்கவில்லை. உங்கள் குழுவுக்கு அந்தப் பயிற்சி இல்லையென்றால் பஞ்சாயத்து வேண்டாம், கூட நின்றால் போதும்.

அடிபட்ட பெண் தானாகவே 'பேசிப் பார்க்கணும்' என்று விரும்பினால் அது அவர் முடிவு. அப்போதும் சகி மையத்திலோ பாதுகாப்பு அலுவலர் மூலமாகவோ பேசட்டும், கோயில் திண்ணையில் வேண்டாம்.

பாதுகாப்பு அலுவலர்னா யாரு? மகளிர் ஸ்டேஷனுக்குப் போறதா, அவங்ககிட்ட போறதா?

இரண்டும் வேறு வேறு வேலை. மகளிர் காவல் நிலையம் குற்றத்தைப் பார்க்கும். கணவர் வீட்டுக் கொடுமைக்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் 498ஏ, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-ஆம் பிரிவு. கணவருக்குத் தண்டனை வேண்டும் என்றால் அந்த வழி. ஸ்டேஷனில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீதை (மனு வாங்கியதற்கான ரசீது) கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பாதுகாப்பு அலுவலர் மாவட்ட சமூக நலத் துறையில் இருப்பவர். பல பெண்கள் கேட்பது 'அவர் ஜெயிலுக்குப் போகணும்' என்று இல்லை, 'அடிக்கக் கூடாது, செலவுக்குத் தரணும், வீட்டை விட்டு அனுப்பக் கூடாது' என்றுதான். அதற்கு இந்த வழி பொருத்தம். நடந்ததைக் கேட்டு 'குடும்ப நிகழ்வு அறிக்கை' என்று ஒன்றை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். அதற்குக் கட்டணம் கிடையாது. பாதிக்கப்பட்டவர்தான் தகவல் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. நல்லெண்ணத்தோடு பக்கத்து வீட்டுக்காரரோ குழு உறுப்பினரோ சொல்லலாம், அதற்காக அவர்மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் அந்தப் பெண்ணிடம் கேட்காமல் சொல்லாதீர்கள், உயிருக்கே ஆபத்து என்ற நிலை தவிர.

மாஜிஸ்திரேட் கொடுக்கும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம். வக்கீலுக்குக் காசில்லை என்று தயங்க வேண்டாம். சட்ட உதவி மையத்தில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை, இலவசம்தான். எண் 15100. தீர்ப்பு சட்டம் சொல்கிற வேகத்தில் வருமா என்று கேட்டால், வராது. 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று எழுதியிருக்கிறது, நடைமுறையில் இழுக்கும். அதனால்தான் மனு போடும்போதே இடைக்கால உத்தரவையும் கேட்கச் சொல்கிறோம்.

வீடு மாமனார் பேர்ல இருக்கு. புகார் குடுத்தா அன்னைக்கே வெளிய தள்ளிடுவாங்களே?

பத்திரம் யார் பெயரில் என்பது இங்கே பெரிய விஷயமில்லை. குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமை குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் இருக்கிறது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் மருமகள் அதைக் கேட்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீடு மருமகளுக்குச் சொந்தமாகிவிடாது, சட்டப்படி அல்லாமல் அவரை வெளியேற்ற முடியாது என்பதுதான் பொருள். சீதன நகையைத் திருப்பித் தரச் சொல்லியும் உத்தரவு கேட்கலாம்.

ஆகவே வீட்டை விட்டுக் கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை: ஆதார், ரேஷன் கார்டு நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பேங்க் பாஸ்புக், நகை போட்ட கல்யாண போட்டோ, அடகு ரசீதின் படம். நகல்களை முன்கூட்டியே நம்பிக்கையான ஒரு உறுப்பினர் வீட்டில் வைக்கலாம்.

குடிச்சாத்தான் அடிக்கிறார். குடியை நிறுத்திட்டா எல்லாம் சரியாயிடும்ல?

குடித்துவிட்டு மேஸ்திரியை அடிக்கிறாரா? டாஸ்மாக் வாசலில் நிற்கும் போலீஸ்காரரை? இல்லையென்றால் யாரை அடிக்கலாம் என்பது போதையிலும் தெளிவாகத் தெரிகிறது. குடி அடியைக் கூட்டும், உண்மை. நிறுத்த சிகிச்சை எடுத்தால் நல்லது. ஆனால் 'அவர் குடியை விடும்வரை பொறுத்துக்கோ' என்று நாள் குறிக்காதீர்கள்.

இதையெல்லாம் தீர்மான நோட்டுல எழுதணுமா?

எழுதக் கூடாது. தீர்மான நோட்டை வங்கி மேனேஜர் பார்ப்பார், தணிக்கைக்குப் போகும், குழுக்களின் கூட்டமைப்பில் புரட்டுவார்கள். தலைவியின் வீட்டுக்காரர் வீட்டிலேயே எடுத்துப் படிப்பார், பல ஊரில் கணக்கு எழுதுவதே அவர்தான். 'சமூகப் பிரச்சினை குறித்து விவாதிக்கப்பட்டது' என்ற ஒரு வரி போதும்.

விவரம் தேவைதான், ஆனால் வேறு இடத்தில். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, நேரம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று அவ்வப்போது குறித்து, பாதிக்கப்பட்டவர் சொல்லும் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். காயத்தின் போட்டோவை அவர் போனில் வைக்க வேண்டாம், அதை யார் திறப்பார் என்று தெரியாது.

மூணாவது வேண்டாம்னு நினைக்கிறேன். கலைக்க வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்னு சொல்றாங்களே?

வேண்டாம். 18 வயது முடிந்த பெண்ணுக்கு அவர் கையெழுத்து மட்டும் போதும். கருக்கலைப்புச் சட்டம் 1971-லிருந்தே இருக்கிறது, 2021-ல் திருத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை சில சூழல்களில் இரண்டு டாக்டர்கள். கருத்தடை முறை தவறியது என்பதே ஒரு காரணமாக ஏற்கப்படும், கல்யாணம் ஆனவரா என்ற கேள்வியும் இப்போது அங்கே இல்லை. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 24 வாரம் வரையிலான வாய்ப்பைக் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு மறுக்கக் கூடாது என்றது. கணவரின் வன்புணர்வால் வந்த கருவும் இந்தச் சட்டத்தின் தேவைக்கு வன்புணர்வாகவே கருதப்படும் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் சட்டத்தில் கடைசி வார்த்தை டாக்டருடையது. 'கேட்டால் கிடைக்கும்' என்று எழுதவில்லை, டாக்டர் ஒப்ப வேண்டும். 'வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா' என்று திருப்பி அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. அப்போது 'சட்டத்துல என் கையெழுத்து போதும்னு இருக்கே மேடம்' என்று குழுவில் ஒருவர் பக்கத்தில் நின்று அமைதியாகச் சொன்னால் பேச்சு மாறும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டால்தான் கலைப்போம் என்று நிபந்தனை போடவும் கூடாது. பெயர் விவரத்தை வெளியே சொன்னால் டாக்டருக்கே தண்டனை உண்டு. ஆணா பெண்ணா என்று பார்த்துக் கலைப்பது மட்டும் வேறு கதை, அப்படிப் பார்ப்பதே 1994 சட்டப்படி குற்றம், அதற்கு யாரும் துணை போக வேண்டாம்.

மருந்துக்கடையிலேயே மாத்திரை தர்றாங்களே, எதுக்கு ஆஸ்பத்திரி?

மாத்திரை முறை 9 வாரம் வரைக்கும்தான். அதுவும் டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு. நாள் கணக்கு தப்பினால், அல்லது கரு குழாயில் தங்கியிருந்தால், மாத்திரை போட்டவர் ரத்தப்போக்கில் உயிருக்குப் போராடுவார். கடைக்காரர் இரண்டையும் பார்க்க மாட்டார். அரசு மருத்துவமனையில் காசும் கிடையாது.

வீட்டுக்காரருக்குத் தெரியாம கருத்தடை ஊசி போட்டுக்கலாமா? தப்பில்லையா?

சட்டப்படி உங்கள் உடம்புக்கு உங்கள் சம்மதம் போதும், ஆபரேஷனுக்கும் அப்படித்தான். 'தப்பில்லையா' என்பதற்கு என் பதில், அடுத்த பிள்ளையை அவர் மட்டும் முடிவு செய்யும் வீட்டில் இது தப்பில்லை.

நடைமுறை என்னவென்றால், 'அந்தரா' என்ற கருத்தடை ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வெளியே எந்தப் பொருளும் தெரியாது, ஆனால் மாதவிலக்கு ஒழுங்கு மாறும். நாள் கணக்கு வைக்கும் மாமியார் இருந்தால் கேள்வி வரும். ஊசி அட்டையை வீட்டுக்குக் கொண்டு போக வேண்டாம் என்றால் கிராம சுகாதாரச் செவிலியரிடமே வைக்க முடியுமா என்று கேளுங்கள். கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி நீண்ட நாள் வரும், ஆனால் நூல் கணவருக்குத் தட்டுப்படலாம். கொஞ்சம் குட்டையாக வெட்டச் சொல்லிக் கேட்கலாம். பிரசவமான கையோடு காப்பர்-டி போடுவது இங்கே வழக்கம். போட்டார்களா இல்லையா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள், கேட்காமல் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் கருத்தடைக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பெண்களில் பாதிக்கும் மேல். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆண்களுக்கானது அதைவிடச் சின்ன வேலை, தையல்கூட இல்லை. குழுவில் இதைச் சொன்னால் ஒரு சிரிப்பு எழும், அப்புறம் பேச்சு மாறிவிடும்.

பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கு 17 வயசு. முழுகாம இருக்கு. வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்னு அவங்கம்மா அழறாங்க.

அழுகையோடு நாட்டு வைத்தியரிடம் போகாமல் தடுப்பதுதான் முதல் வேலை. 18-க்குக் கீழே என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும், போக்சோ (சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான) சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் தெரிவித்தாக வேண்டும். இந்தப் பயத்தில்தான் பலர் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை. ஆனால் மேலே சொன்ன அதே 2022 தீர்ப்பில், சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் பெயர், அடையாளம் சொல்லத் தேவையில்லை என்று இருக்கிறது. டாக்டரிடம் அதை வாய் திறந்து கேட்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098.

கடன் என் பேர்ல, பணம் அவர் கையில. இதுக்கு என்ன பண்றது?

முழுத் தொகையையும் ஒரே நாளில் கையில் வாங்காதீர்கள். மாடு, தையல் மிஷின், கடைச் சரக்கு என்றால் விற்பவருக்கே நேராகப் போகும்படி குழுவில் தீர்மானம் போடலாம். இது நோட்டில் எழுத வேண்டிய தீர்மானம், தாராளமாக எழுதுங்கள். 'குழுவுல அப்படித்தான் ரூல்ஸ்' என்று வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் கிடைக்கும். நேராக மறுக்க முடியாதவருக்கு அந்தச் சாக்கு பெரிய உதவி.

உரிமைத் தொகை என் கணக்குலதான் வருது. ஆனா நான் கண்ணால பார்த்ததில்லை.

2023 செப்டம்பர் 15 முதல் மாதம் 1000 ரூபாய். கணக்கு உங்கள் பெயரில் என்பதால் பணம் உங்கள் கையில் என்று ஆகிவிடாது. மூன்று விஷயம் பாருங்கள்: ஏ.டி.எம். கார்டு யார் பர்ஸில், ரகசிய எண் யாருக்குத் தெரியும், வங்கியின் எஸ்.எம்.எஸ். எந்த போனுக்குப் போகிறது. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பழைய கணக்கில் கணவரின் நம்பரைக் கொடுத்திருப்பார்கள், அவர் போனிலேயே ஜிபேயும் ஓடும். ஆதார், பாஸ்புக்குடன் கிளைக்குப் போய் நம்பரை மாற்ற ஒரு படிவம் கொடுத்தால் போதும்.

மாற்றினால் அன்றே வீட்டில் தெரியும் என்று பயமாக இருந்தால் அந்தக் கணக்கைத் தொடாதீர்கள். வேறு வங்கியில், வேறு நம்பரில், சிறிதாக ஒன்று தொடங்குங்கள். குழுச் சேமிப்பைக் கூட்டுவதும் ஒரு வழி.

கையில காசு வந்தா அடி தானா குறைஞ்சிடும்னு பயிற்சியில சொன்னாங்களே?

சில வீட்டில் குறையும், சில வீட்டில் ஆரம்பத்தில் கூடவே செய்யும், 'சம்பாதிக்கிற திமிரு' என்று. தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்தில் இதை ஆராய்ந்து 2006-ல் முடிவு வெளியிட்டார்கள். கடனோடு சேர்த்து வன்முறை, உடலுறவு, எச்ஐவி பற்றிக் கூட்டங்களில் பேசிய ஊர்களில் துணைவரின் வன்முறை சுமார் 55 சதவீதம் குறைந்தது. பிறகு கடன் மட்டும் கொடுத்த ஊர்களோடு ஒப்பிட்டபோது, வெறும் கடனுக்கு அந்தப் பலன் இல்லை. நான் பார்த்த வரையில் நம் ஊருக்கும் இது பொருந்துகிறது. ஆகவே முதல் கேள்விக்கு இதையும் பதிலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாரத் தவணைக்காரங்க வாசல்ல வந்து உக்காந்துக்கிறாங்க. அதுலதான் வீட்ல சண்டையே.

அது குழுக்கடன் இல்லை, நுண்கடன் நிறுவனம் தருவது. இரண்டையும் 'குழு லோன்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் தொல்லை செய்யக் கூடாது, தகாத வார்த்தை பேசக் கூடாது. வலுக்கட்டாய வசூலுக்கு எதிராகத் தமிழ்நாடு அரசும் 2025-ல் தனிச் சட்டம் கொண்டுவந்தது.

இதைச் சொல்லும்போது நம் பக்கமும் பார்க்க வேண்டும். தவணை தவறிய உறுப்பினர் வீட்டு வாசலில் பத்துப் பேராகப் போய் நிற்கும் குழுக்கள் எத்தனை? நாம் திரும்பியதும் உள்ளே அவருக்கு விழும் அடியில் நமக்கும் பங்கு இருக்கிறது. குழுவின் சொந்தப் பணத்திலிருந்து தரும் உள்கடனுக்குத் தவணையைத் தள்ளி வைக்கக் குழுவுக்கே அதிகாரம் உண்டு, ஒரு தீர்மானம் போதும். வங்கிக் கடன் குழு முழுக்கப் பொறுப்பு, அதற்கு மேனேஜரிடம் கால அவகாசம் கேட்கலாம்.

அடிக்கிறவரே எங்க ஊக்குநரோட தம்பி. யார்கிட்ட போறது?

குழுவை வழிநடத்தும் ஊக்குநர் இல்லாத இடத்தில் பேசுங்கள். ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக்கும் போக வேண்டாம், அங்கேயும் அவர்தான் இருப்பார். நேராக 181 அல்லது பாதுகாப்பு அலுவலர். குழுவில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும். சாதிக்காரர், சொந்தக்காரர் என்று ஊர் ஒன்றாகிவிட்டால் பக்கத்து ஊர்க் குழுவில் உள்ளவர் துணைக்குப் போவது நல்லது. அந்த ஊரில் அடிக்கிறவருக்கு யாரும் மாமன் மச்சான் இல்லை.

இவ்வளவும் செஞ்சோம். அந்தக்கா திரும்பவும் அதே வீட்டுக்கே போயிட்டாங்க. இனி எதுக்கு அவங்களுக்குப் போய்ப் பாடுபடணும்?

பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அப்பா வீட்டில் இடமின்மை, பயம், இன்னும் மிச்சமிருக்கும் பாசம், எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். பெரும்பாலானோர் ஒரே முறையில் வெளியே வந்துவிடுவதில்லை. இங்கே கோபித்துக்கொண்டு 'இனிமே எங்ககிட்ட வராதே' என்று சொன்னால், அடுத்த முறை அவர் யாரிடமும் போக மாட்டார்.

அவரைச் சேமிப்புப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள். கூட்டத்துக்கு வரவிடாமல் வீட்டில் தடுத்தால் அவர் பங்கை வேறொருவர் கட்டி வைக்கலாம், பின்னால் வாங்கிக்கொள்ளலாம். கொடுத்து வைத்த நகல்கள் அப்படியே இருக்கட்டும். பாதுகாப்பு அலுவலரிடம் போட்ட மனுவை அவராக வாபஸ் வாங்கினாலும், மறுபடி நடந்தால் மறுபடி கொடுக்கலாம், ஒருமுறைதான் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ரேஷன் கடையிலோ நூறு நாள் வேலையிலோ பார்த்தால் வழக்கம்போலப் பேசுங்கள், வீட்டு விஷயத்தை நீங்களாக எடுக்காதீர்கள்.